உயிரோடு திரும்பியவர்களுக்குப் பட்ட கடன்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேரும் ஒருவர் கடைசிவரை சிப்பாயாகவே இருந்தால், நாற்பதைத் தொடுவதற்குள் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார். நாயக், ஹவில்தார் என்று உயர்ந்தவர்களுக்குக் கூடுதலாகச் சில ஆண்டுகள் கிடைக்கும். அவரோடு ஒரே பெஞ்சில் படித்து அரசுப் பள்ளி ஆசிரியரானவருக்குத் தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. இருவருக்கும் நடுவே இருபது ஆண்டுச் சம்பளம், இரண்டு ஊதியக் குழு, மூன்று நான்கு பதவி உயர்வு நிற்கின்றன. பட்டாளத்துக்காரர் திரும்பி வரும்போது பெரும்பாலும் மூத்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் இருக்கும். வீட்டுக்கடன் பாதிகூட அடைந்திருக்காது. பெற்றோரின் மருத்துவச் செலவு அப்போதுதான் தலையெடுக்கத் தொடங்கியிருக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இந்த நிலையில் சீருடையைக் கழற்றுகிறார்கள்.

அவர்கள் உழைக்க முடியாமல் போனதால் அனுப்பப்படவில்லை. பனிமலையில் முப்பது கிலோ சுமையோடு ஏறுவதற்கு இளைய உடல் வேண்டும் என்பதால், படையை இளமையாக வைத்திருக்க அரசு எடுத்த முடிவு அது. அதன் பலன் நாட்டுக்கு, இழப்பு அந்தக் குடும்பத்துக்கு. முன்னாள் படைவீரர்களுக்கு நாம் ஏன் நன்றியோடு இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே போர்க்களத்தையும் வீரத்தையும் முதலில் சொல்வது வழக்கம். எனக்கு இந்த வயதுக் கணக்கிலிருந்து தொடங்குவதே நியாயமாகப் படுகிறது. துப்பாக்கிச் சூட்டையே பார்க்காமல் பதினேழு ஆண்டுகளைக் கிடங்கிலும் பணிமனையிலும் கழித்துவிட்டு வந்தவரும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்.

இரண்டாவது காரணம் சட்டத்தில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் அதன் விதிகளும் அந்த அதிகாரத்தின் பலன்கள். சிப்பாய் சங்கம் வைக்க முடியாது. வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேச முடியாது. பிடிக்கவில்லை என்று மறுநாள் காலை வேலையை விட்டுப் போகவும் முடியாது. இவை இல்லாமல் ஒரு படையை நடத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம்மில் ஒவ்வொருவரும் ஊதியம் கேட்கவும் குறை சொல்லவும் பயன்படுத்தும் வாயை அவர் தம் இளமை முழுவதும் மூடி வைத்திருந்தார் என்பதும் உண்மை. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் பேச முடிந்தவர்களான நாம்தான்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர் இல்லையா, கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் இல்லையா, சம்பளம் வாங்கிச் செய்யும் வேலைக்கு ஏன் தனி நன்றி? மலக்குழி மரணங்களை இன்னும் நிறுத்தாத ஒரு சமூகம் அந்த வெட்கத்திலிருந்து தப்ப முடியாது. ராணுவ வீரரைப் புகழ்ந்து அதை மறைக்கவும் முடியாது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போகாமலிருக்க மீனவருக்கு உரிமை இருக்கிறது, வறுமை அதைப் பறித்தாலும். சிப்பாய் மறுத்தால் அது குற்றம், ராணுவ நீதிமன்றம் விசாரிக்கும் குற்றம். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே, சட்டத்தின் வலுவோடு, அரசு தன் குடிமகன் ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்புகிறது. அந்த அரசு நம் வாக்கில் அமைந்தது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் பனிக்கு அடியில் உயிரோடு கிடந்து, மீட்கப்பட்ட பின் இறந்தபோது நாடே அழுதது. இந்தியப் படை அங்கே நிலைகொண்ட 1984 முதல் அந்தப் பனியாற்றில் குண்டுக்கு இரையானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்கள் அதிகம். அங்கிருந்து உயிரோடு இறங்கியவர்கள் எத்தனையோ பேர் பனிக்கடியால் விரல்களை இழந்திருக்கிறார்கள், நுரையீரல் கெட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்காக எந்தத் தொலைக்காட்சியும் நேரலை நடத்தியதில்லை.

இறந்த வீரரைப் போற்றுவதில் தமிழ்ச் சமூகத்துக்குப் பழுத்த அனுபவம் உண்டு. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இன்றும் நிற்கும் நடுகற்களில் ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்களின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லோடு நின்றுவிடவும் இல்லை. போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கம் இருந்தது. உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்வது அதைத்தான். இறந்தவனின் பெயர் கல்லுக்கு, பிழைப்பு அவன் பிள்ளைகளுக்கு என்று அந்தக் காலத்து ஊர் இரண்டையும் சேர்த்தே யோசித்திருக்கிறது.

இன்றும் இறந்தவர்களை நாம் மறப்பதில்லை. 2019 பிப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2014-இல் காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை பத்தாண்டுக்குப் பின் ‘அமரன்’ படமாக வந்து திரையரங்குகளை நிறைத்தது. 2020 ஜூனில் கல்வானில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்கு மாநில அரசு நிதியும் வேலையும் அறிவித்தது. எல்லாம் செய்ய வேண்டியவை. அதே முகாமில் பழனிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்து, உயிரோடு பணிமுடித்து ஊர் திரும்பப்போகும் ஹவில்தாரைப் பற்றித்தான் நாம் யோசிப்பதே இல்லை.

அவர் என்ன ஆகிறார்? வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதற்கு விடை ஊர்தோறும் இருக்கிறது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரம் அழைக்கும், வீட்டுக்கொருவர் பட்டாளம் போன ஊர் அது. இத்தகைய ஊர்களிலிருந்து சென்றவர்கள் திரும்பிய பின் ஏ.டி.எம். வாசலிலும் மருத்துவமனை வாயிலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலும் நிற்பதைக் காணலாம். அவர்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்றே தமிழ்நாடு அரசு 1986-இல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. அது கொடுக்கும் வேலைகளில் பெரும்பகுதி காவல் பணி. காவல் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டாங்கியின் வயர்லெஸ்ஸைப் பிரித்துப் பூட்டியவர், கள மருத்துவமனையில் நூறு பேரின் காயத்துக்குக் கட்டுப்போட்டவர், எண்ணூறு பேர் கொண்ட பட்டாலியனுக்கு மலை உச்சியில் ரேஷன் கணக்குப் பார்த்தவர் ஆகிய எல்லாரிடமும் வெளிச் சந்தை ஒரே ஒரு தகுதியைத்தான் பார்க்கிறது, மிடுக்கான நிற்பை. இது அவர்களுக்கு நேரும் அவமதிப்பு, நமக்கு நேரும் நட்டம்.

சட்டப்படி வாய்ப்புகள் இல்லாமலில்லை. மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் 10 விழுக்காடும் முன்பு குரூப் ‘டி’ எனப்பட்டவற்றில் 20 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கீட்டு இடங்களில் பல நிரம்புவதில்லை. பதினேழு ஆண்டு எல்லையில் இருந்தவரைக் கல்லூரி முடித்துக் கோச்சிங் போன இருபத்திரண்டு வயதுப் பையனோடு ஒரே வினாத்தாளின் முன் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? படையில் பெற்ற தொழிற்பயிற்சியை வெளியில் எந்தப் படிப்புக்கு ஈடாகக் கொள்வது என்ற குழப்பமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், தொழில் தொடங்கும் முன்னாள் வீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் தருகிறது. காவல் வேலைக்கு அப்பால் அவர்களை வைத்து யோசித்த திட்டம் என்ற வகையில் அதை மனமார வரவேற்கிறேன்.

ஓய்வூதியத்துக்கு வருவோம். ஒரே பதவியில் ஒரே அளவு பணிசெய்து ஓய்வு பெற்ற இருவருக்கு, ஒருவர் 1985-இலும் மற்றவர் 2013-இலும் வெளியேறினார் என்பதற்காக, வேறு வேறு ஓய்வூதியம் வருவது சரியா என்பதே ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கையின் சாரம். அறுபது வயதில் ஓய்வு பெறும் குடிமைப் பணியாளரைவிட முப்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும் சிப்பாயை இந்த வேறுபாடு மிக நீண்ட காலம் வாட்டும். அவர் ஐம்பது ஆண்டுகள் ஓய்வூதியத்தில் வாழ வேண்டியிருக்கலாம், ஒவ்வோர் ஊதியக் குழுவும் அவரை இன்னும் ஒரு படி பின்னுக்குத் தள்ளும். 1973-இன் மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டிக் குடிமைப் பணியாளர்களின் ஓய்வூதிய விகிதம் ஏறியது, சிப்பாய்களுடையது இறங்கியது என்பது முன்னாள் வீரர்களின் நெடுநாள் குறை.

இதற்காக அவர்கள் நடத்திய போராட்டத்தின் வரலாற்றை ஒவ்வொரு குடிமகனும் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-இல் பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2011-இல் பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு கோரிக்கை நியாயமானது என்றது. 2014-இல் அரசு கொள்கையளவில் ஏற்றது. பணம் வரவில்லை. 2015 ஜூனில் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், பட்டினி கிடந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, மறுநாள் செங்கோட்டையில் கொடியேற்ற விழா இருக்கும்போது, பாதுகாப்பைக் காரணம் காட்டிக் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்த முயன்றது. சட்டையில் பதக்கங்கள் தொங்க, எழுபது வயதைக் கடந்தவர்கள் பிடித்து இழுக்கப்பட்ட படங்களை நாடு பார்த்தது. செப்டம்பர் 5-இல் திட்டம் அறிவிக்கப்பட்டு நவம்பரில் ஆணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் செல்லும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் என்றது ஆணை. ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அரசின் ஐந்தாண்டு முறையை ஏற்றது, ஆனால் 2019 ஜூலையில் செய்திருக்க வேண்டிய திருத்தத்தைச் செய்யச் சொன்னது. அதற்கு அமைச்சரவை ஒப்புதல் 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. பயன்பெற வேண்டியவர்கள் 25 லட்சம் பேர். நிலுவையைத் தவணையாகத் தருவது குறித்து மறுபடியும் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. பணியில் இருந்தபோது வாய் திறக்காதவர்கள் ஓய்வுக்குப் பின் தெருவுக்கு வந்துதான் பேச வேண்டியிருந்தது.

வாஷிங்டனிலும் இதே காட்சி முன்பு நடந்தது. முதல் உலகப் போரில் பணிசெய்த அமெரிக்க வீரர்களுக்கு 1945-இல் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகையை, பெருமந்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் 1932-இல் முன்கூட்டியே கேட்டுத் தலைநகரில் கூடாரம் போட்டார்கள். ஜூலை 28 அன்று தளபதி மெக்கார்தர் டாங்கிகளையும் கண்ணீர்ப்புகையையும் கொண்டு அவர்களை விரட்டினார். அந்த அவமானம் அமெரிக்க அரசியலில் தங்கிவிட்டது. அடுத்த போர் முடியும் முன்பே, 1944 ஜூனில், திரும்பி வருபவர்களுக்குக் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கடனும் தரும் ஜி.ஐ. சட்டம் நிறைவேறியது. 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதன் கீழ்ப் படித்தார்கள் அல்லது பயிற்சி பெற்றார்கள். கறுப்பின வீரர்களுக்கு, அதிலும் தென் மாநிலங்களில், அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. அந்தக் குறையைச் சொல்லாமல் சட்டத்தைப் புகழக் கூடாது. ஆனாலும் திரும்பி வந்தவரைச் செலவாகப் பார்க்காமல் வருங்கால ஆசிரியராகவும் பொறியாளராகவும் பார்த்த சட்டம் அது. நம் நாட்டில் அப்படி ஒரு முழுமையான கல்வித் திட்டம் முப்பத்தெட்டு வயதுக்காரருக்குக் கிடைத்ததில்லை.

வேற்று நாட்டுக்காகப் போரிட்டவர்களின் கதை இதைவிடக் கசப்பானது. பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளின் வீரர்களுக்குத் தந்த ஓய்வூதியத்தை 1959-இல் உறைய வைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அவர்களைப் பற்றிய ஒரு திரைப்படம் வெளிவந்த 2006-ஆம் ஆண்டில்தான் அதை உயர்த்தும் முடிவு வந்தது. பிரிட்டிஷ் படையின் கூர்க்கா ஓய்வூதியர்கள் பிரிட்டனில் குடியேறும் உரிமைக்காக 2009 வரை போராட வேண்டியிருந்தது.

நம் மண்ணோடு தொடர்புடைய கதை இந்திய தேசிய ராணுவத்தினுடையது. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து போன மருத்துவர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களோடு சேர்ந்து போரிட்ட முன்னாள் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களை விடுதலை பெற்ற இந்தியா தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-இல் வந்த தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் அவர்களையும் ஏற்றபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

உடல் ஊனமுற்றுத் திரும்பியவர்களிடம் அரசு நடந்துகொண்ட விதம் என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல தொடக்கங்கள் நமக்கு உண்டு. போரில் ஊனமுற்றவர்களுக்குத் தொழில் கற்பிக்கப் புனேக்கு அருகே கிர்க்கியில் 1917-இலேயே குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியது. 1944-இல் புனேயில் செயற்கை அவயவ மையம் வந்தது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர் 1972-இல் ஹைடல்பெர்க்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். இவ்வளவு இருந்தும், மாற்றுத்திறன் ஓய்வூதியம் என்று வரும்போது, இந்த நோய் பணியால் வந்ததல்ல என்று சொல்லிச் சிப்பாய்க்கு எதிராக அரசே தீர்ப்பாயம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியிருக்கிறது. சேரும்போது மருத்துவர் குறிக்காத நோய் பணிக்காலத்தில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதன் பிறகும் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவே 2015-இல் இத்தகைய வழக்குகளைக் கைவிடச் சொன்னது. முழு உடல்தகுதிச் சோதனை செய்து எடுத்துக்கொண்ட இளைஞரைப் பதினைந்து ஆண்டு கழித்துச் செவிப்புலன் போன நிலையில் அனுப்பிவிட்டு, அதற்கும் எனக்கும் தொடர்பில்லை என்று வாதிட எந்த அரசுக்கும் மனம் வரக்கூடாது.

விதவைகளுக்கும் இதே கதைதான். வீரப் பதக்கத்துக்கான மாதப்படியை, கணவரின் சகோதரரை மணந்தாலன்றி மறுமணம் செய்த விதவைக்குத் தருவதில்லை என்ற நிபந்தனை 2017 நவம்பர் வரை இருந்தது. மனைவியின் பெயரோ பிறந்த தேதியோ ஓய்வூதிய ஆணையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதால் குடும்ப ஓய்வூதியம் தடைப்பட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பெஞ்சில் காத்திருக்கும் முதிய பெண்கள் இன்றும் உண்டு. அந்த எழுத்துப் பிழையை வீடு தேடிப் போய்த் திருத்தித் தருவதைக் காட்டிலும் பெரிய கொடிநாள் நிகழ்ச்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் வாசகர் மனத்தில் இதற்குள் ஒரு முள் தைத்திருக்கும். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை ஈழத்தில் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை எரிந்தது. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையிலும் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். அவர்கள் அனுப்பப்பட்டது தில்லியின் அரசியல் முடிவால்.

இதில் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும் என்பதே என் நிலை. கொலைக்குப் பொறுப்பானவர்கள் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். சீருடை அதற்கு விலக்கு ஆகாது, யாழ்ப்பாணத்துத் தாய்மார்களிடம் நன்றி கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அதேவேளை எந்தக் குற்றமும் செய்யாமல், ஏன் போகிறோம் என்பதே சரியாகச் சொல்லப்படாமல் கப்பலேற்றப்பட்டு, காலிழந்து திரும்பிய சிப்பாய்க்குத் தில்லி பட்ட கடன், போர் தவறானது என்பதால் குறைந்துவிடாது, கூடும். தவறான போருக்கு ஆளை அனுப்பியவர்கள் அவருக்கு இருமடங்கு கடன்பட்டவர்கள். படைவீரருக்குக் காட்டும் நன்றியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போரைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்பவர்கள் அந்தச் சிப்பாய்க்கு நன்மை செய்யவில்லை. அடுத்த முறை அவர் மகன் காரணமில்லாமல் அனுப்பப்படாதிருக்க அந்தக் கேள்வி ஒன்றே காவல்.

செலவு அதிகம் என்பார்கள். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புத் துறைக்கான 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. பெரிய தொகைதான், அதைப் புறக்கணித்துப் பேச முடியாது. ஆனால் அதில் பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர்களுக்குப் போகும் பங்கும் அடக்கம், அவர்கள் அறுபது வயது வரை பணிசெய்தவர்கள். முப்பத்தெட்டு வயதில் வெளியேறியவருக்கு நல்ல இரண்டாம் வேலை ஒன்றை உறுதிசெய்திருந்தால் ஓய்வூதியத்தைப் பற்றிய சண்டையின் சூடு எவ்வளவோ தணிந்திருக்கும்.

அரசு வேறு வழியில் போனது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருபவர் நான்கு ஆண்டுகள் பணிசெய்வார். நால்வரில் ஒருவர் மட்டும் படையில் தொடர்வார். மற்ற மூவரும் ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாயோடு வெளியேறுவார்கள், அதில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்த பணம். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் கிடையாது, கேன்டீன் கார்டு கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடையாது. துணை ராணுவப் படைகளில் இட ஒதுக்கீடு உண்டு என்கிறார்கள். பழைய ஒதுக்கீடுகள் நிரம்பாமல் கிடந்ததை மேலே பார்த்தோம். முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2026-இன் இறுதியையொட்டி முடிகின்றன. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஆயுதப் பயிற்சியோடு திரும்பும் அந்த இளைஞர்களில் வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், கல்லூரிகள் அவர்களுக்கென இடம் ஒதுக்க வேண்டும், மாநில அரசு தன் பணித் தேர்வுகளில் அவர்களுடைய நான்கு ஆண்டுகளை வயதுவரம்பில் கழித்துத் தர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தமோ பெருநிதியோ தேவையில்லை, முதல் அணி ரயிலேறும் முன்பே செய்து முடிக்கலாம்.